சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்த பிள்ளைகளைக் கொல்வது எது?

கேள்வி இதுதான்: "எல்லை தாண்டிப் போன அகதிக் குழந்தைகளைப் பற்றி உலகம் பேசுகிறது. சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்த பிள்ளைகளின் உடல்நலம் அவர்களைவிட மோசமா? அவர்களைக் கொல்வது குண்டா, நோயா? நாங்கள் சிலர் சேர்ந்து பால்மாவும் மருந்தும் அனுப்ப நினைக்கிறோம், அது சரியா?"

முதல் பகுதிக்கு நேராகவே பதில் சொல்லலாம். பெரும்பாலான நெருக்கடிகளில் மோசம்தான். 1998 முதல் 2012 வரை பல நாடுகளில் எடுக்கப்பட்ட இறப்புக் கணக்கெடுப்புகளைப் பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். அகதிகள், ஊரை விட்டுப் போகாதவர்கள், நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் என்ற மூன்று பிரிவினரில் கடைசிப் பிரிவினரின் நிலைதான் படுமோசமாக இருந்தது.

எல்லைக்கு அப்பால் ஒரு பிள்ளை கால் வைத்தால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, ஐநா அகதிகள் முகவரகம், பதிவு, அட்டை, அட்டைக்குப் பங்கீடு என்று ஒரு வரிசை தொடங்கும். அதில் ஓட்டைகள் ஏராளம். ஆனாலும் பிள்ளையின் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் ஏறிவிடும். எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட பிள்ளைக்கு அதன் சொந்த அரசாங்கமே பொறுப்பு. அந்தப் பிள்ளையின் வீட்டின்மேல் குண்டு போட்டதும் அதே அரசாங்கமாக இருக்கலாம். அல்லது அந்தப் பகுதியில் அரசாங்கம் என்று ஒன்று இல்லாமலே போயிருக்கலாம். உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகளை ஐநா 1998இல் வெளியிட்டது. அதை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர் சூடானில் பிறந்த பிரான்சிஸ் டெங். நல்ல ஆவணம், ஆனால் நாடுகள் கையெழுத்திட்டுக் கட்டுப்பட்ட ஒப்பந்தம் அல்ல. 2024 இறுதியில் உலகில் இப்படிச் சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்து வாழ்ந்தோர் சுமார் 8 கோடியே 34 லட்சம் பேர். இது அகதிகளின் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குண்டா நோயா என்ற கேள்விக்கு இடத்தைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 2009இல் இலங்கையின் வன்னியில் போரின் கடைசி மாதங்களில் பிள்ளைகளைக் கொன்றது பெரும்பாலும் எறிகணைதான். அதை நோய்க்கணக்கில் சேர்த்து மழுப்பக்கூடாது. ஆனால் உலகில் பெரும்பாலான இடப்பெயர்வுகளில் சின்னப் பிள்ளைகளைக் கொல்வது வயிற்றோட்டம், நியூமோனியா, சின்னமுத்து, மலேரியா ஆகிய நான்கும், அவற்றுக்கு அடியில் கிடக்கும் மந்தபோசணையும்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட 10,000 பிள்ளைகளில் நாளொன்றுக்கு இருவர் இறந்தால் அது அவசரநிலை என்பது இத்துறையில் நெடுங்காலமாக உள்ள அளவுகோல். ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், அறுபது பிள்ளைகள்.

சின்னமுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தட்டம்மை, மணல்வாரி என்பார்கள். நம் ஊர்களில் வேப்பிலை கட்டி, "அம்மாள் வருத்தம்" என்று ஆறப்போட்ட நோய். நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். அதே நோய் மெலிந்த பிள்ளைக்கு, தறப்பாளின் கீழ் பத்துப் பேர் படுக்கும் இடத்தில் வந்தால் கதை வேறு. வைரஸ் முதலில் பிள்ளையின் உடலில் மிஞ்சியிருக்கும் விற்றமின் ஏயைத் தீர்த்துவிடும். கண் கெடும், குடலின் உட்சுவர் கெடும், வயிற்றோட்டம் தொடங்கும். அதற்கு மேல், முந்தைய நோய்களிலிருந்து உடல் சேர்த்து வைத்த எதிர்ப்பு நினைவையும் அது அழிக்கிறது. சின்னமுத்து மாறிய பிள்ளை அடுத்த மாதம் நியூமோனியாவில் இறந்தால், மரணப் பதிவில் நியூமோனியா என்றே இருக்கும்.

எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத்தில் கோடே என்ற நகரம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வறட்சியில் கால்நடை செத்து, ஊர் விட்ட குடும்பங்கள் அங்கே உணவு கிடைக்கும் என்று வந்து குவிந்தன. உணவு வரத் தாமதமானது. கூட்டம் மட்டும் சேர்ந்துவிட்டது, தடுப்பூசி போடப்படவில்லை. பிறகு நடந்த ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாவுகளில் 22 சதவீதத்துக்குச் சின்னமுத்து காரணமாக இருந்தது தெரிந்தது. ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பெரிய பிள்ளைகளையும் அது விடவில்லை. பஞ்சத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள், ஒரே இடத்தில் கூடியதாலேயே இன்னொரு சாவைச் சந்தித்தார்கள். ஆகவேதான் முகாம் போட்டால் கூடாரம் அடித்து முடியும் முன்பே ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்னமுத்து ஊசியும், சின்னவர்களுக்கு விற்றமின் ஏ துளியும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். முன்பு போட்டதா என்று விசாரித்துக் கொண்டிருக்கத் தேவையில்லை. அட்டை தொலைந்திருந்தால் இன்னொரு தடவை போடுவதால் கெடுதல் இல்லை.

இனி நமக்கு நெருக்கமான கதை. இதில்தான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இருக்கிறது.

2009 வைகாசியோடு வன்னியிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பகுதியினர் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். காடு வெட்டித் திறந்த நிலம், சுற்றிவர முள்ளுக்கம்பி. வலயங்களுக்கு ஆனந்தகுமாரசாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெருமக்களின் பெயர்களை வைத்தார்கள். யாருடைய யோசனையோ தெரியாது. பல மாதங்களாகப் பதுங்குகுழிக்குள் கஞ்சி குடித்து வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஆண்டு தை நடுப்பகுதியோடு தரைவழியாக உணவு லொறி போவது நின்றது. கடல்வழி வந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த நாட்களில் பால்மா என்ன மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கையே சாட்சி. 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணைக்கு இரையானார்கள் என்றும், இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மா அட்டை அப்படியே இருந்தது என்றும் அது பதிவு செய்திருக்கிறது.

இப்படி மெலிந்துபோன பிள்ளைகள், இவ்வளவு நெருக்கம், இவ்வளவு அவசரம். பாடப்புத்தகத்தின்படி முதல் மாதமே சின்னமுத்து பரவியிருக்க வேண்டும், கோடேயில் நடந்தது செட்டிகுளத்திலும் நடந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பெருந்தொற்று வரவில்லை. வந்தவை எவை என்று பாருங்கள்: கொப்பளிப்பான் (சின்னம்மை), செங்கண்மாரி (ஹெப்படைட்டிஸ் ஏ), வயிற்றோட்டம், வயிற்றுளைவு. கொப்பளிப்பானுக்கும் செங்கண்மாரிக்கும் தடுப்பூசி உலகில் இருந்தது, ஆனால் இலங்கையின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அவை இரண்டும் இல்லை. அட்டவணையில் இருந்த சின்னமுத்து, போலியோ, தொண்டைக்கரப்பான், குக்கல் எதுவும் முகாமைப் புரட்டிப் போடவில்லை. முகாமில் பிறகு போட்ட ஊசிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பெரிதும் காத்தது, அவர்கள் இடம்பெயரும் முன்பே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏதோ ஒரு மரத்தடிக் கிளினிக்கில் ஏற்றிக்கொண்ட ஊசி.

போர் நடந்த காலம் முழுவதும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலும் கொழும்பு சுகாதார அமைச்சின் கட்டமைப்பு அறுபடாமல் இருந்தது. வைத்தியர்களும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் அரச சம்பளத்தில் அங்கே வேலை செய்தார்கள். தடுப்பூசியைக் குளிர் கெடாமல் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுபோக வழி இருந்தது. மருந்துக்குத் தடை, மின்சாரம் இல்லை, ஆட்கள் போதாது, எல்லாம் உண்மை. ஆனாலும் வீடு வீடாகப் போய், கர்ப்பிணியைப் பதிந்து, பிறந்த பிள்ளையின் நிறை பார்த்து, வளர்ச்சிக் "காட்"டில் கோடு கீறும் வேலை நிற்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் போலியோ சொட்டு மருந்து நாட்களில் இரண்டு தரப்பும் சுடுவதை நிறுத்தின. எல்சல்வடோரில் 1985இல் யுனிசெப் தொடங்கி வைத்த "அமைதி நாட்கள்" என்ற முறையின் தொடர்ச்சி அது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். மலேரியாவும் இப்படித்தான். 1999இல் நாட்டில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோருக்கு வந்த நோய். நுளம்புவலையும், இடம்பெயர்ந்தோர் இருந்த இடத்துக்கே போன நடமாடும் கிளினிக்கும் அதை நெருக்கி, 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்றே நின்றது.

இதைச் சொல்வதால் மெனிக் பாமுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடைசி வரை வன்னியில் நின்று வேலை செய்த அரச வைத்தியர்களையே வெளியே வந்ததும் பிடித்துத் தடுத்து வைத்த அரசு அது. முகாம் கதவு 2009 மார்கழி வரை பூட்டியே இருந்தது, முற்றாக மூடியது 2012 புரட்டாதியில். பதிவேடும் தடுப்பூசியும் செய்யக்கூடியதைச் செய்தன, ஆனால் தண்ணீரையும் மலசலகூடத்தையும் சோற்றையும் ஊசியால் கொடுக்க முடியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது சர்வதேசக் குறைந்தபட்ச அளவு. வந்த கூட்டத்துக்கு முதல் மாதங்களில் இந்த அளவை எட்ட முடியவில்லை. ஆவணியில் ஒரு மழை பெய்ததும் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது, மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. செங்கண்மாரி பரவும் வழியே அதுதான். சின்னக் குழந்தைக்கு அந்த வைரஸ் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் போய்விடும். ஆனால் அந்தக் குழந்தை கழித்த மலத்திலிருந்து பெரிய பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் கண் மஞ்சளாகும். மந்தபோசணைக்குத் திரிபோசா என்ற சத்துமாவும், கடுமையாக மெலிந்தவர்களுக்கு நிலக்கடலைப் பசை உணவும் கொடுத்தார்கள். பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது சாவின் வாசலில் நிற்கிறது என்று பொருள். இந்தப் பசையைச் சமைக்கவோ தண்ணீர் சேர்க்கவோ தேவையில்லை, தாயே ஊட்டலாம். முகாம் வேலைகளில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு அதுதான்.

இந்தக் கட்டமைப்பு இல்லாவிட்டால், அல்லது அதையே குறிவைத்து உடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிரியாவையும் சூடானையும் பார்க்கலாம். சிரியாவில் போருக்கு முன் 2010இல் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குப் போலியோத் தடுப்பு கிடைத்தது. 2012இல் அது 68 சதவீதமாக இறங்கியது. 1999க்குப் பிறகு காணாத போலியோ 2013இல் டெய்ர் எஸ்ஸோரில் திரும்பி வந்து 36 பிள்ளைகளை முடமாக்கியது. சீராக ஓடிக்கொண்டிருந்த ஒரு சுகாதாரச் சேவையைக் குலைக்க இரண்டு வருடம் போதுமாக இருந்தது.

டெங் பிறந்த சூடானில் 2023 சித்திரையில் இராணுவத்துக்கும் ஆர்எஸ்எப் என்ற துணைப்படைக்கும் போர் மூண்டது. தொடங்கிய சில வாரங்களிலேயே கார்ட்டூமில் ஒரு தொழிற்சாலை எரிந்து போனது. நான் மேலே சொன்ன நிலக்கடலைப் பசை உணவில் அந்த நாட்டின் தேவையில் 60 சதவீதத்தை அந்த ஒரு ஆலைதான் தயாரித்து வந்தது. வட டார்பூரில் எல் பாஷர் நகருக்குப் பக்கத்தில் உள்ள சம்சம் முகாம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய டார்பூர்ப் போரில் உருவானது. அந்தப் போரில் பிள்ளைகளாக ஓடி வந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு அங்கே இருந்தார்கள். அங்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளையாவது இறக்கிறது என்று 2024 மாசியில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு மதிப்பிட்டது. அவ்வாண்டு ஆவணி முதலாம் திகதி அங்கே பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. 2025 சித்திரையில் ஆர்எஸ்எப் அந்த முகாமையே தாக்கியது. சுமார் நான்கு லட்சம் பேர் மறுபடி ஓடினார்கள். தவிலா என்ற சிற்றூரில் போய்க் குவிந்தவர்களைச் சில வாரங்களில் வாந்திபேதி எட்டிப் பிடித்தது. உணவு உலகில் இல்லாமல் இல்லை. லொறி போக விடவில்லை, அவ்வளவுதான்.

முகாம்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அதுவும் ஒரு குறைதான். உலகில் இடம்பெயர்ந்தோரில் பெரும்பான்மையினர் முகாமில் இல்லை. மாமா வீட்டு விறாந்தையில், வாடகை அறையில், கட்டி முடியாத கட்டடத்தில் இருக்கிறார்கள். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்குப் போனபோது ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்து குடும்பம் இருந்ததை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிணறு ஒன்று, மலசலகூடம் ஒன்று. முகாமில் இருந்தால் கணக்கெடுக்க ஒருவராவது வருவார். உறவினர் வீட்டுப் பிள்ளை எந்த ஊர்ப் பட்டியலிலும் இராது. பழைய ஊரின் குடும்பநல உத்தியோகத்தருக்கு அது "போய்விட்ட பிள்ளை", புதிய ஊரில் உள்ளவருக்கு "என் பிரிவுப் பிள்ளை அல்ல".

இன்னொன்று, எத்தனை வருடம் என்பது. முதல் மூன்று மாதம் தொற்றுநோயின் காலம். அதைத் தாண்டினால் செய்தி நின்றுவிடும், நோயின் முகமும் மாறிவிடும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் கிளம்பியவர்களில் பலர் கோணாப்புலம், மல்லாகம் பகுதி முகாம்களில் கால் நூற்றாண்டு இருந்தார்கள். அந்தப் பகுதியின் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017இல்தான். அதே 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்து உவர் மண்ணில் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையையே வளர்த்தார்கள். இந்தப் பிள்ளைகள் ஒரே நாளில் சாகவில்லை. வயதுக்கு ஏற்ற உயரம் வரவில்லை. கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள் விட்டுப்போன வளர்ச்சியைப் பிறகு பெரும்பாலும் ஈடுகட்ட முடியாது. அடுப்புப் புகையில் இருமல், சிரங்கு, சொத்தைப் பல், இரத்தச்சோகை. இவற்றுக்காக யாரும் ஹெலிகொப்டர் அனுப்புவதில்லை.

மனதைப் பற்றியும் கேட்பீர்கள். 2002 போர்நிறுத்தத்தை அடுத்து வன்னிப் பள்ளிப் பிள்ளைகள் 420 பேரிடம் நடத்திய ஆய்வில் 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, எறிகணை, நெருங்கியவர் சாவு போன்ற கடும் அனுபவங்களைச் சந்தித்திருந்தார்கள். நான்கில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு ஆய்வும் வடகிழக்குப் பிள்ளைகளைப் பற்றியதுதான். போரில் பட்ட காயத்தோடு தகப்பனின் குடியும் வீட்டு அடியும் சேர்ந்தே போவதை அது காட்டியது. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதற்கு ஒத்ததே: தனி மனிதரோடு சேர்த்துக் குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன, வைத்தியமும் அங்கேதான் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் படம் வரையக் கொடுத்துவிட்டு, வேலையில்லாமல் முகாமில் குந்தியிருக்கும் தகப்பனை விட்டுவிடும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடம் திறப்பது எந்தக் கவுன்சலிங்கையும்விட முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, பால்மா. தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் மனதைக் குறை சொல்லவில்லை. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது நன்கொடைப் பால்மா ஏராளமாக வந்தது. பிறகு கணக்கெடுத்தால், அது கிடைத்த குழந்தைகளில் நால்வரில் ஒருவருக்கு வயிற்றோட்டம். கிடைக்காதவர்களில் ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான். மாவு நல்லதுதான், கரைத்த தண்ணீரும் போத்தலும் கெட்டவை. பயத்தில் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பது பாதிப் பேச்சு. இறங்குவது தாமதமாகலாம், ஆனால் பிள்ளை வாய் வைக்க வைக்கச் சுரக்கும். இரண்டு கிழமை பால்மா கொடுத்துப் பழக்கினால்தான் உண்மையில் வற்றும், அதற்குள் உங்கள் பெட்டியும் தீர்ந்திருக்கும். தாயை இழந்த குழந்தைக்குப் பால்மா வேண்டும்தான். அதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் பெயர் பார்த்து, காய்ச்சிய தண்ணீருக்கும் கோப்பைக்கும் வழி செய்து கொடுக்க வேண்டும், லொறியில் வைத்து எறியக்கூடாது. அம்பலவன்பொக்கணையில் வரிசையில் நின்ற தாய்மார் வேறு வழியில்லாதவர்கள். நாம் அனுப்பும் இடங்களில் பெரும்பாலும் வழி இருக்கிறது.

மருந்துக்கும் ஏறக்குறைய இதே பதில். 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சே மாகாணத்தில் சுமார் 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலானவற்றின் லேபலை உள்ளூர்த் தாதியால் வாசிக்கவே முடியவில்லை, பிறகு எரிக்கவும் காசு தேவைப்பட்டது. பிள்ளையின் வயிற்றோட்டத்துக்குத் தேவையானது ஜீவனிப் பைக்கற்றும் (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்), பத்துப் பதினான்கு நாளுக்கு நாக (சிங்க்) மாத்திரையும்தான். அவை உள்ளூரிலேயே மலிவாகக் கிடைக்கும். ஆகவே காசாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் வாங்குபவரிடம் கேளுங்கள்: முகாமுக்கு வெளியே உறவினர் வீடுகளில் உள்ள பிள்ளைகளைப் பதிந்திருக்கிறீர்களா? கைச்சுற்றளவு அளக்க யார் போகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை? குடும்பநல உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், உங்கள் பணத்தை முதலில் அதற்குக் கொடுங்கள். மிஞ்சினால் சவர்க்காரமும், மூடியும் குழாயும் உள்ள தண்ணீர் வாளியும் வாங்கச் சொல்லுங்கள்.